லீவு முடிந்தது, பால் முடியவில்லை

26 வாரம் என்றால் 182 நாள். பிறந்த குழந்தைக்கு முதல் ஆறு மாதம் தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்வது 180 நாள். 2017 ஏப்ரல் 1 முதல் மகப்பேறு விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தபோது, கணக்கு கச்சிதமாகப் பொருந்திவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். காகிதத்தில் பொருந்தத்தான் செய்கிறது. தென்சென்னைப் புறநகரான கீழ்க்கட்டளையின் சிக்னலில் பொருந்தவில்லை.

அந்த 26 வாரத்தில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம் என்கிறது சட்டம். எடுத்தே ஆகவேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் மெட்ரோ வேலைக்காகத் தகடு அடித்து ஒடுங்கிப்போன மேடவாக்கம் மெயின் ரோட்டில் எட்டு மாத வயிற்றோடு ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அது கட்டாயமா இல்லையா என்று. ரேடியல் ரோட்டில் துரைப்பாக்கம் வரை போய், அங்கிருந்து ஓ.எம்.ஆரில் நெரிசலோடு நெரிசலாக நகர்ந்து அலுவலகம் சேருகிற பெண், ஒன்பதாம் மாதம் வரை தாக்குப்பிடித்தால் ஆச்சரியம்தான். எட்டு வாரமும் முன்பே கரைந்துவிட்டால் மிச்சம் 18 வாரம். 126 நாள். குழந்தைக்கு நாலு மாதம் முடிந்த கையோடு அம்மா ஐ.டி. கார்டை மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும்.

அந்த நாலாம் மாதத்தில்தான் வீட்டில் அடுத்த பேச்சு ஆரம்பிக்கிறது. "நீ பாட்டுக்குப் போயிடுவே, புள்ளை பசியில அழுதா நான் என்ன பண்றது? கொஞ்சம் கஞ்சி பழக்கிட்டுப் போம்மா." ஆறு மாதத்தில் தொடங்க வேண்டிய சாப்பாடு இரண்டு மாதம் முந்திவிடுகிறது. குழந்தைக்கு அது வேண்டியிருந்ததால் அல்ல, அம்மாவின் ரீ-ஜாய்னிங் தேதி வந்துவிட்டதால். இரண்டு வாரத்தில் பால் குறைகிறது. 'எனக்குச் சுரக்கலை' என்ற பழி அந்தப் பெண்ணின் உடம்பின் மேல் விழுகிறது. உடம்பில் ஒரு குறையும் இருக்காது. குறை பகல் நேரத்தில் இருக்கிறது: பாலை எடுக்க அவளுக்கு இடம் இல்லை, பத்து நிமிடம் இல்லை.

மருத்துவமனையில் 99, மடியில் 55

2019-21ல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் பக்கத்தைப் புரட்டினால் முதலில் பெருமையாகத்தான் இருக்கும். 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. அடுத்த வரிகளில் அந்தப் பெருமை இறங்குகிறது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கிடைத்த குழந்தைகள் 60.2 சதவீதம். ஆறு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைகளில் தாய்ப்பால் மட்டும் குடிப்பவை 55.1 சதவீதம், அகில இந்திய அளவு 63.7. டாக்டரும் நர்ஸும் மருத்துவமனையும் நம்மைவிடக் குறைவாக உள்ள மாநிலங்கள் இதில் நம்மைத் தாண்டிப் போகின்றன.

ஆறு மாதத்துக்குப் பிறகு நிலைமை இன்னும் மோசம். ஆறு முதல் 23 மாதம் வரையான குழந்தைகளில் போதுமான அளவு, போதுமான வகை உணவு கிடைப்பது தமிழ்நாட்டில் ஏறத்தாழ 16 சதவீதம் பேருக்குத்தான். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அரிசிக்கும் பருப்புக்கும் பஞ்சமில்லாத, ரேஷன் கடை ஒழுங்காக நடக்கிற மாநிலத்தின் கணக்கு இது. வறுமை மட்டும் காரணமென்று சொல்லித் தப்பிக்க முடியாது. பாலை நிறுத்துவதில் அவசரப்படுகிறோம். சாப்பாட்டில் தண்ணீரைச் சேர்க்கிறோம்.

ஹேண்ட் டிரையர் ஓடும்போது

நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் பெண்கள் ரெஸ்ட் ரூமின் கடைசிக் கதவுக்குத்தான் தாழ்ப்பாள் ஒழுங்காக விழும். கமோடின் மூடியை இறக்கி அதன்மேல் துப்பட்டாவை விரித்து உட்காருவேன். கைப்பை மடியில், பாட்டில் பல்லிடுக்கில், கையில் சின்னப் பம்ப். அதை அழுத்தினால் கீச்சென்று சத்தம் வரும். வெளியே யாராவது கை கழுவிவிட்டு ஹேண்ட் டிரையரை ஓடவிடும்போது மட்டும் மளமளவென்று அழுத்திக்கொள்வேன். டிரையர் நின்றால் நானும் நிறுத்திவிடுவேன். என்னை யாரும் திட்டியதில்லை, தடுத்ததில்லை. என்ன செய்கிறேன் என்று கேட்டதும் இல்லை. கேட்காமல் இருப்பதையே நாகரிகம் என்று நினைத்துக்கொண்டிருந்த அலுவலகம் அது.

சட்டம் என்ன சொல்கிறது? 1961-ம் ஆண்டின் மகப்பேறு பயன்கள் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது, அதிகம் பேர் கண்ணில் படாத பிரிவு. வேலைக்குத் திரும்பிய பெண்ணுக்கு, வழக்கமான ஓய்வு நேரம் போக, குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை தினமும் இரண்டு இடைவேளை தரவேண்டும். பாலூட்டுவதற்கென்றே. 2017 திருத்தம் இன்னொன்றைச் சேர்த்தது: 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், அம்மா ஒரு நாளில் நான்கு முறை அங்கே போய்வர அனுமதி வேண்டும். வேலையின் தன்மை இடம்கொடுத்தால் விடுப்புக்குப் பிறகு கொஞ்ச காலம் வீட்டிலிருந்தே வேலை பார்க்கவும் இரு தரப்பும் பேசி முடிவுசெய்துகொள்ளலாம். 2025 நவம்பர் 21 முதல் இவையெல்லாம் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்புக்குள் போய்விட்டன. பெயர்தான் மாறியது, உரிமை மாறவில்லை.

சரி, அந்த இடைவேளை எவ்வளவு நேரம்? சுரங்கத்திலும் சர்க்கஸிலும் வேலை செய்யும் பெண்களுக்கான மத்திய அரசின் விதிகளில் அது 15 நிமிடம். ஆமாம், சர்க்கஸ்தான். கூடாரத்தில் கம்பியில் ஆடுகிற பெண்ணுக்குக் கைக்குழந்தை இருக்கும் என்பது அரசாங்கத்துக்குத் தோன்றியிருக்கிறது. ஆனால் உலகத் தொழிலாளர் நிறுவனம் 1919-ல், தன் முதல் மாநாட்டிலேயே, தினமும் இரண்டு முறை அரை மணி நேரம் என்று எழுதிவைத்துவிட்டது. நூறாண்டுக்கு முன்பு சொன்னதில் பாதியைத்தான் நாம் விதியாக்கினோம். அதையும் கேட்டு வாங்கியவர்களை விரல்விட்டு எண்ண வேண்டும்.

காப்பகத்தின் கதை வேறு. துரைப்பாக்கத்தில் அலுவலகக் கட்டடத்தின் கீழ்த்தளத்திலேயே காப்பகம் இருந்தாலும், ஆறு மாதக் குழந்தையை ரேடியல் ரோட்டுப் புகையில் தினமும் அங்கே கொண்டுபோய்க் கொண்டுவர எந்த வீட்டில் சம்மதிப்பார்கள்? காப்பகம் குழந்தையின் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். பால் எடுக்கும் அறை அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். நம் சட்டம் முதலாவதை அலுவலகத்தில் கட்டச் சொல்லிவிட்டு இரண்டாவதைப் பற்றி வாயே திறக்கவில்லை. என்னைக் கேட்டால் இந்த 26 வாரச் சட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான். கைக்குழந்தையும் அம்மாவும் பகலில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பார்கள் என்ற பழைய மில் காலத்துக் கணக்கில் எழுதியிருக்கிறார்கள்.

முந்நூறு மில்லி

பால் சுரப்பது சேமிப்பால் அல்ல, செலவால். எடுக்க எடுக்க ஊறும். எடுக்காமல் கட்டவிட்டால், 'இவ்வளவு போதும்போல' என்று உடம்பு குறைத்துக்கொள்ளும். வேலைக்குப் போகிறவர்கள் மனப்பாடம் செய்யவேண்டியது இதை மட்டும்தான். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்துவிட்டால் சுரப்பு நிற்காது. காலையில் ஊட்டிவிட்டுக் கிளம்பி, பதினோரு மணிக்கு, மதியம் இரண்டுக்கு, மாலை கிளம்புவதற்கு முன் ஒருமுறை. பம்ப் வாங்கப் பணமில்லை என்றால் கை போதும். கையைச் சுத்தமாகக் கழுவிவிட்டு, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கருவளையத்துக்குச் சற்று வெளியே வைத்து, முதலில் உள்பக்கமாக அழுத்தி, பிறகு இரண்டையும் சேர்த்துப் பிழிய வேண்டும். காம்பைப் பிடித்து இழுத்தால் வலிக்கும், பால் வராது. அரசு மருத்துவமனை நர்ஸ்கள் இதை இரண்டு நிமிடத்தில் கற்றுக்கொடுத்துவிடுவார்கள்.

எவ்வளவு எடுக்க வேண்டும் என்பதில்தான் பலரும் பயப்படுகிறார்கள். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை ஒரு நாளைக்குச் சராசரியாக 750 மில்லி குடிக்கிறது. அம்மா பத்து மணி நேரம் வெளியே இருந்தால் வீட்டில் இருக்கவேண்டியது ஏறத்தாழ 300 மில்லி. அவ்வளவுதான். ஃப்ரீசர் நிறையப் பால் பை அடுக்கிய படங்களைப் பார்த்து மலைக்கத் தேவையில்லை. முதல் நாள் பம்ப்பில் 40 மில்லி வந்தாலும் பதற வேண்டாம். குழந்தை உறிஞ்சுகிற அளவுக்கு எந்த இயந்திரமும் உறிஞ்சாது. வேலைக்குச் சேர இரண்டு வாரம் இருக்கும்போதே, காலையில் முதல் பால் கொடுத்து முடித்த பிறகு தினமும் கொஞ்சம் எடுத்துப் பழகினால் போதும்.

எடுத்த பால் 25 டிகிரி வெப்பத்தில் நான்கு மணி நேரம் கெடாது. ஏ.சி. அறைக்கான கணக்கு அது. தாம்பரம் பக்கத்துச் சித்திரை வெயிலில், மின்வெட்டு மதியத்தில், மேசைமேல் வைக்க நினைக்கவே கூடாது. எடுத்த உடனே ஃபிரிட்ஜ். கதவில் வைக்காமல் உள்ளே தள்ளி வைத்தால் நான்கு நாள் வரை தாங்கும் என்கிறார்கள். நம் ஊர் மின்சாரத்தையும், நிமிடத்துக்கொருமுறை திறந்துமூடும் நம் வீட்டு ஃபிரிட்ஜையும் நம்பி, மறுநாளைக்குள் கொடுத்துவிடுவது நல்லது. அலுவலகத்திலிருந்து வீடு வரை ஐஸ் பேக் வைத்த பை வேண்டும். சுடவைக்கக் கூடாது, மைக்ரோவேவ் கூடவே கூடாது. வெதுவெதுப்பான தண்ணீர்க் கிண்ணத்தில் பாட்டிலை நிற்கவைத்தால் போதும். குழந்தை குடித்து மீந்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

இதையெல்லாம் வேலைக்குப் போகிற அம்மா மட்டும் தெரிந்துகொண்டு பயனில்லை, வீட்டிலிருக்கும் பாட்டிக்கும் தெரியவேண்டும். ஃபிரிட்ஜில் வைத்த தாய்ப்பால் இரண்டாகப் பிரியும். மேலே கொழுப்பு ஏடு, கீழே நீர்த்த பால், சிலருக்கு லேசான நீல நிறம். 'திரிஞ்சுபோச்சு' என்று சிங்க்கில் கொட்டிவிட்ட வீடுகள் எத்தனையோ. அரை நாள் உழைப்பு அது. பாட்டிலை லேசாகச் சுழற்றினால் ஏடு கலந்துவிடும்.

கொடுப்பதற்குப் புட்டி வேண்டாம். பரணில் கிடக்கும் வெள்ளிச் சங்கை எடுத்துத் தேய்த்து, கொதிக்கும் நீரில் போட்டெடுங்கள். பாலாடை என்றும் சொல்கிறோமே, அதுதான். பச்சிளங்குழந்தைத் தீவிரச் சிகிச்சைப் பிரிவுகளில் எடை குறைந்து பிறந்த குழந்தைகளுக்கு இன்றைக்கும் பால் புகட்டுவது அதில்தான். கழுவ ஒரே ஒரு கிண்ணம், அழுக்கு ஒளிந்துகொள்ள ரப்பர் காம்பு கிடையாது, குழந்தைக்கும் புட்டியா மடியா என்ற குழப்பம் வராது. பாலூட்டும் புட்டிக்கும் பால் பவுடருக்கும் விளம்பரமே செய்யக்கூடாது என்று 1992-லேயே சட்டம் போட்ட நாடு இது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான உணவு எதற்கும் விளம்பரம் கூடாது என்று 2003-ல் அதை இன்னும் இறுக்கினார்கள்.

இன்னொன்று. அம்மா வேலைக்குப் போன முதல் வாரத்தில் சில குழந்தைகள் பகலில் பேருக்குக் குடித்துவிட்டு, ராத்திரி முழுக்க மடியை விடாது. 'பால் பத்தலை, அதான் அழுது' என்பார்கள். பத்தாமல் இல்லை, விட்டதைப் பிடிக்கிறது. ராத்திரியில் சுரப்பும் அதிகம். தூக்கம் கெடும்தான், அதற்கு ஈடாக, வீட்டில் மற்றவர்கள் சமையல், துணி, பாத்திரத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். அப்பா என்ற ஓர் ஆளும் அந்த வீட்டில் இருப்பார் இல்லையா?

ஸ்பூனைச் சாய்த்துப் பாருங்கள்

ஆறு மாதம் முடிந்ததும் சாப்பாடு. இங்கே நம் பாட்டிமார்களிடம் அள்ளிக்கொள்ளவேண்டியதும் இருக்கிறது, மல்லுக்கட்ட வேண்டியதும் இருக்கிறது.

கேழ்வரகை இரவு ஊறவைத்து, வடித்து, ஈரத்துணியில் கட்டி வைத்தால் மறுநாள் சின்னச் சின்ன வால் விடும். அதை அரைத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, வந்த பாலைச் சிறுதீயில் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் சாம்பல் நிறத்தில் தண்ணீராக ஓடும். சட்டென்று அடிபிடிக்க ஆரம்பித்து, பளபளவென்று பழுப்பேறி, கரண்டியை எடுத்தால் நாடாவாக விழும். எங்கள் வீட்டில் அந்த நொடியில்தான் மாமியார் ஒரு டம்ளர் தண்ணீரோடு வருவார். "தண்ணியா இருந்தாத்தான்மா இறங்கும், தொண்டையில அடைச்சுக்கும்." "அத்தை, ஸ்பூனைச் சாய்ச்சுப் பாருங்க. ஒழுகினா அது சாப்பாடு இல்லை."

விஷயம் இதுதான். ஏழு கிலோ குழந்தையின் வயிறு ஏறத்தாழ 200 மில்லிதான் கொள்ளும். அதைத் தண்ணீர்க் கஞ்சியால் நிரப்பினால் வயிறு நிறையும், உடம்பு ஏறாது. மடியில் குடிக்கிற பாலும் குறையும். தண்ணீர்க் கஞ்சியைவிடத் தாய்ப்பாலில் சத்து அதிகம் என்பதால் இரண்டு பக்கமும் நஷ்டம். சாய்த்தால் ஒழுகாத பதம்தான் ஆறாம் மாதத்துப் பதம். இரண்டு மூன்று ஸ்பூனில் ஆரம்பித்து, எட்டு மாதத்துக்குள் வேளைக்கு அரைக் கிண்ணம், நாளுக்கு இரண்டு மூன்று வேளை. ஒன்பது மாதத்திலிருந்து மூன்று நான்கு வேளை. ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைக்குச் சாப்பாட்டிலிருந்து கிடைக்கவேண்டியது நாளுக்கு 200 கலோரி மட்டுமே என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு, மிச்சமெல்லாம் பால். ஒரு வயது வரை பாதி அல்லது அதற்கு மேல் சக்தி தாய்ப்பாலிலிருந்துதான் வருகிறது. 'சாதம் சாப்பிட ஆரம்பிச்சாச்சு, இனி எதுக்குப் பால்?' என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து ஏராளம். 100 கிராமில் 350 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. ஆனால் ஆறாம் மாதத்தில் குழந்தைக்கு அவசரமாகத் தேவைப்படுவது இரும்பு. வயிற்றிலிருந்தபோது அம்மாவிடமிருந்து வாங்கிச் சேர்த்துவைத்த இரும்பு அந்த நேரத்தில்தான் தீர்கிறது. தாய்ப்பாலில் உள்ள இரும்பு நன்றாக உடம்பில் சேரும், ஆனால் அளவு குறைவு. கேழ்வரகை மட்டும் நம்பினால் அந்த 57 சதவீதத்தில் நம் குழந்தையும் ஒன்று. அசைவம் சாப்பிடும் வீடு என்றால் முட்டையும், முள் நீக்கிய மீனும், வேகவைத்து மசித்த ஈரலும் ஆறு மாதத்திலிருந்தே கொடுக்கலாம். 'மந்தம் ஆயிடும்' என்று ஒரு வயது வரை தள்ளிப்போட அவசியமில்லை. சைவ வீட்டில் பாசிப்பருப்பு, கொண்டைக்கடலை, கீரை. கூடவே இரண்டு சொட்டு எலுமிச்சையோ மசித்த தக்காளியோ சேர்த்தால் இரும்பு நன்றாக ஏறும். பிஸ்கட்டை டீயில் ஊறவைத்துக் கொடுப்பது நேர் எதிர். டீ இரும்பைத் தடுக்கும், பிஸ்கட் இனிப்பைப் பழக்கும். ஒரு வயது வரை உப்பும் சர்க்கரையும் தேவையே இல்லை.

தேன் மட்டும் விளையாட்டு அல்ல. ஒரு வயதுக்குள் தேன் தொட்டு வைத்தால், அதிலிருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமியின் நச்சால் குழந்தையின் தசைகள் செயலிழக்கக்கூடும். அரிது, ஆனால் ஆபத்து. சேனை வைப்பது, உரைமருந்து, கிரைப் வாட்டர், தெருவில் கழுதையை ஓட்டிவந்து சங்கில் கறந்து கொடுக்கும் பால் என்று எல்லாமே முதல் ஆறு மாதத்தில் வேண்டாத வேலை. உரைமருந்தில் சேரும் வசம்பையும் மாசிக்காயையும் நான் குறைசொல்லவில்லை. அவற்றுக்கு வேறு வயது இருக்கிறது.

கடைப் பொடியும் அப்படியே. 2024 ஏப்ரலில் சுவிட்சர்லாந்தின் 'பப்ளிக் ஐ' அமைப்பு, இந்தியாவில் விற்கும் நெஸ்லேயின் செரிலாக்கில் ஒரு வேளைக்குச் சராசரியாக 2.7 கிராம் சர்க்கரை சேர்க்கப்பட்டிருப்பதாகவும், ஐரோப்பாவில் அதே நிறுவனம் அப்படிச் சேர்ப்பதில்லை என்றும் அறிக்கை வெளியிட்டது. அதற்குப் பிறகு அந்த நிறுவனம் வெள்ளைச் சர்க்கரை சேர்க்காத வகைகளை இங்கே கொண்டுவருவதாக அறிவித்தது. அதற்காகக் கடைப் பொடியை விஷம் என்று சொல்ல மாட்டேன். அங்கன்வாடியில் ஆறு மாதக் குழந்தைக்கு இலவசமாகத் தரும் சத்துமாவை 'ஏழைங்க சாப்பாடு' என்று ஒதுக்கிவிட்டுப் பல மடங்கு விலை கொடுத்து டப்பா வாங்குகிற நம் கௌரவத்தைத்தான் சொல்கிறேன்.

இதையெல்லாம் யார் சொல்லித்தர வேண்டும்? அரசுத் தடுப்பூசி அட்டவணையைப் பாருங்கள். 6, 10, 14-வது வாரம். அதற்கடுத்த ஊசி ஒன்பதாவது மாதம். நடுவிலே ஐந்தரை மாதம் குழந்தையை ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குத் தூக்கிப்போக ஒரு காரணமும் இல்லை. அம்மா வேலைக்குத் திரும்புவதும் முதல் ஸ்பூன் வாய்க்குப் போவதும் சரியாக அந்த இடைவெளியில்தான். ஆறாம் மாதத்தில் ஊசியே இல்லாவிட்டாலும், எடை பார்க்கவும் என்ன ஊட்டுகிறீர்கள் என்று கேட்கவும் ஒரு நாளைத் தாம்பரம் மாநகராட்சியின் சுகாதார நிலையங்கள் வைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். செலவு ஒன்றும் பெரிதில்லை, ஒரு தராசும் ஒரு நர்ஸும்.

சட்டம் எட்டாத தெருக்கள்

இதுவரை சொன்னதெல்லாம் சம்பளச் சீட்டு உள்ளவர்களுக்கு. கீழ்க்கட்டளையிலும் ஈச்சங்காட்டிலும் ஒரே தெருவில் மூன்று சட்டங்கள் குடியிருக்கின்றன. மாநில அரசு ஊழியருக்கு 2011-ல் ஆறு மாதமான விடுப்பு, 2016-ல் ஒன்பது மாதமாகி, 2021 ஜூலை 1 முதல் 12 மாதம். பக்கத்து வீட்டுத் தனியார் கம்பெனி ஊழியருக்கு 26 வாரம். 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கி இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர் என்றால் அந்த 26 வாரத்துக்கும் பணத்தை இ.எஸ்.ஐ. கொடுக்கும், இது தெரியாமல் வேலையை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. எதிர்வீட்டில், மடிப்பாக்கம் அபார்ட்மென்ட்களில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவருக்கு விடுப்பே கிடையாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் மதிப்புக்குக் கிடைக்கும். நல்ல திட்டம். ஆனால் இரண்டு மாதத்துக்கு மேல் போகாவிட்டால் அந்த நாலு வீட்டிலும் வேறு ஆள் வந்திருப்பார்.

ஒருவிதத்தில் அவருக்கு ஒரு வசதி உண்டு. வேலை வீட்டுக்குப் பக்கம். இரண்டு வீட்டுக்கு நடுவில் ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு வந்துவிடலாம், நாம் விட்டால். 'குழந்தையையும் கூட்டிட்டு வாம்மா, ஒரு ஓரமா படுக்க வை' என்று சொல்ல எந்தச் சட்டமும் தேவையில்லை. மாதத்தில் இரண்டு மணி நேரம் தாமதமானால் என்ன கெட்டுவிடும்?

நிலைமை ரொம்ப மோசம் தி.நகர், குரோம்பேட்டைத் துணிக்கடைப் பெண்களுக்கு. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. உட்காரவே சட்டம் போட வேண்டியிருந்த இடத்தில், கதவைச் சாத்திக்கொண்டு பால் எடுக்க எங்கே போவது? தாம்பரம் சானடோரியத்தில் ஏற்றுமதி வளாகமான மெப்ஸ் இருக்கிறது. 1984-ல் ஆரம்பித்தது, நம் பக்கத்துப் பெண்கள் தலைமுறையாக வேலைக்குப் போகிற இடம். ஷிஃப்டில் வேலை பார்க்கும் பெண்ணுக்குப் பதினைந்து நிமிட இடைவேளை கொடுக்க முடியாத அளவுக்கு எந்த உற்பத்தியும் நின்றுவிடாது.

2015 ஆகஸ்ட் 3 அன்று, உலகத் தாய்ப்பால் வாரத்தில், அன்றைய முதல்வர் ஜெயலலிதா மாநிலம் முழுக்கப் பேருந்து நிலையங்களில் 350-க்கும் மேற்பட்ட பாலூட்டும் அறைகளைத் திறந்துவைத்தார். அரசு மருத்துவமனைகளில் தாய்ப்பால் வங்கிகளும் அதே சமயத்தில் வந்தன. நாட்டிலேயே யாரும் இந்த அளவில் செய்யாத காரியம். பின்னாளில் பல ஊர்களில் அந்த அறைகள் பூட்டிக் கிடப்பதாகவும், ஃபேன் ஓடவில்லை என்றும் செய்திகள் வந்துகொண்டே இருந்தன. அறை கட்டுவது அரசாணை. அதைத் திறந்து வைத்திருப்பது தினசரி வேலை. 2025 பிப்ரவரி 19 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் பி.வி. நாகரத்னா, பிரசன்னா பி. வராலே அமர்வும் இதையே தொட்டது: புதிதாகக் கட்டும் பொதுக் கட்டடங்களில் பாலூட்டவும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் இடம் ஒதுக்க வேண்டும், இருக்கிற கட்டடங்களிலும் முடிந்தவரை செய்ய வேண்டும். மேடவாக்கம் மெயின் ரோட்டில் மெட்ரோ நிலையங்கள் இன்னும் முழுதாக முடியவில்லை. இப்போதே கேட்டால் வரைபடத்தில் இடம் இருக்கும்.

மெட்ரோ வரட்டும், சட்டம் திருந்தட்டும். அதற்கு முன்பு நீங்கள் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. மகப்பேறு விடுப்புக்கு எழுதிக்கொடுக்கும் அன்றைக்கே, திரும்பி வந்தபின் என்ன வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள்: குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை சட்டப்படி தினமும் இரண்டு பாலூட்டும் இடைவேளை, உள்ளே தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை, ஒரு நாற்காலி, ஒரு பிளக் பாயிண்ட், ஃபிரிட்ஜில் ஒரு தட்டு. வாயால் கேட்டால் 'பார்க்கலாம்' என்பார்கள். ஈமெயிலில் கேளுங்கள், பதிலும் ஈமெயிலில் வரட்டும்.